மறந்த மனமும் மறவாத மேனியும்



நினைவிழந்த முதியவர் ஒருவரைக் காண வரும் உறவினர், பெரும்பாலும் ஒரே சொல்லைச் சொல்லித் திரும்புகின்றனர்: "நாம் வந்ததே அவருக்குத் தெரியாது, வந்து என்ன பயன்?" இச்சொல்லில் கொடுமை இல்லை; களைப்பும் துயரமுமே உண்டு. ஆயினும் இதனுள் ஓர் அறக் கேள்வி ஒளிந்திருக்கிறது. பெற்றவர் நினைவில் தங்காத நன்மை, நன்மையாகுமா? தன் பெயரையும் தன் மக்களையும் மறந்துவிட்ட ஒருவர், நாம் அறிந்த அதே மனிதர்தாமா? அவருக்கு நாம் கடமைப்பட்டது உணவும் மருந்தும் மட்டுமா, அல்லது மகிழ்ச்சியும் கூடவா?

இக்கேள்விகளை நடனம் என்னும் பொருளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுற்ற முதியோருக்கு ஆடலை ஒரு சிகிச்சையாக அளிக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. "ஓய்ந்து கிடக்க வேண்டிய வயதில் ஆட்டம் எதற்கு?" என்று நம்மில் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் சற்றே பொறுத்துச் சிந்திப்போம்.

ஒரு காட்சி

2020-ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்பெயின் நாட்டில் எடுக்கப்பட்ட ஒரு சிறு படம் உலகெங்கும் கோடிக்கணக்கானோரால் பார்க்கப்பட்டது. முதியோர் இல்லமொன்றில் ஓர் அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அல்சைமர் நோய் அவரை மிகவும் தளர்த்திவிட்டது. அவர் காதுகளில் ஹெட்போனைப் பொருத்தி, ருஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் 'அன்னப் பொய்கை' என்னும் நாட்டிய நாடகத்தின் இசையைக் கேட்கச் செய்கின்றனர். முதலில் தயங்குகிறார். பின்னர் தலை நிமிர்கிறது. தோள்கள் உயர்கின்றன. மணிக்கட்டுகள் வளைந்து, இரு கைகளும் அன்னத்தின் சிறகுகளாக விரிகின்றன. கண்கள் தொலைவில் எதையோ நோக்குகின்றன. கால்கள் மட்டும் எழவில்லை. மேனியின் மேற்பகுதி முழுவதும் ஆடுகிறது. நினைவிழந்தோருக்கு இசையை அளித்துவரும் 'மூசிகா பாரா தெஸ்பெர்த்தார்' என்னும் ஸ்பெயின் அமைப்பு இதனை 2019-இல் பதிவு செய்தது. அவ்வாண்டிலேயே அம்மையார் காலமானார். அவர் மறைந்த பின்னரே உலகம் அவரைக் கண்டது.

இப்படத்தைப் பற்றிப் பின்னர் எழுந்த ஒரு குறையைப் பிறகு கூறுவோம். முதலில் ஒரு வினா: பெயரும் ஊரும் மறந்த ஒருவருக்கு, விரல்களின் வளைவு எங்ஙனம் மறவாது நின்றது?

நினைவு ஒன்றன்று

இந்நோயை முதன்முதலில் விவரித்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1901-இல் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு பெண்மணியை அவர் கவனித்து வந்தார். அப்பெண்மணி மறைந்தபின் மூளையை ஆராய்ந்து 1906-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் மறதி நோயுடன் வாழ்ந்தோர் 5 கோடியே 50 லட்சத்திற்கும் அதிகம். இவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அல்சைமர் நோயே காரணமாகலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளானோர் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆதலின் இஃது எங்கோ அயல்நாட்டில் நிகழும் துன்பமன்று. நம் தெருவிலும், நாளை நம் வீட்டிலும் வரக்கூடியது.

நினைவு என்பதை ஒரே பெட்டகம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வாறன்று என்பதைக் காட்டியது அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரம். எச். எம். என்னும் முதலெழுத்துகளால் அறியப்பட்ட ஓர் இளைஞருக்கு, வலிப்பு நோயைத் தீர்க்கும் பொருட்டு 1953-இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தனர். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றுமுதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் உளவியல் அறிஞர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து விண்மீன் வடிவம் ஒன்றை வரையும் கடினமான பயிற்சியை அவருக்கு அளித்தார். மறுநாள் வரும்போது, தாம் அப்பயிற்சியைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. ஆயின் அவர் கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது! அறிந்தேன் என்பதை மனம் மறந்தது. அறிந்ததைக் கை மறக்கவில்லை.

நிகழ்ச்சிகளைப் பதிந்துகொள்ளும் மூளைப் பகுதி வேறு. பழகிய அசைவுகளைக் காத்து வைக்கும் பகுதிகள் வேறு. அல்சைமர் நோய் முன்னதைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது; பின்னவற்றை நெடுங்காலம் கழித்தே தொடுகிறது. மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அத்தகைய நெடும்பயிற்சி எங்கே பதிகிறது என்பதை இன்று நாம் ஓரளவு அறிவோம். நம் வீட்டுப் பாட்டியர் ஏழாண்டு ஆடல் பயின்றவர் அல்லர். எனினும் அறுபது ஆண்டுகள் வாசலில் கோலம் இட்டவர். பொங்கல் நாளில் கும்மி கொட்டியவர். ஜபமாலையின் மணிகளை உருட்டியவர். பஞ்ச நமஸ்காரம் கூறிக் கை கூப்பியவர். அவர்கள் மேனியிலும் ஏதோ ஒன்று காத்து வைக்கப்பட்டிருக்கும்.

ஆடல் சிகிச்சை என்பது யாது?

ஆடல் சிகிச்சை என்றவுடன் மேடையும் சலங்கையும் நினைவுக்கு வரலாம். உண்மை வேறு. 1942-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில், மரியன் சேஸ் என்னும் நடன ஆசிரியை நோயாளிகளிடையே பணியாற்றத் தொடங்கினார். பேச மறுத்தோரிடமும் பேச இயலாதோரிடமும் அவர் அசைவின் வழியே தொடர்பு கொண்டார். அவர் கற்பித்ததைவிடக் கவனித்ததே அதிகம். நோயாளி எவ்வாறு அசைகிறாரோ அவ்வாறே தாமும் அசைந்து, "உன்னைக் கண்டேன், உன்னோடு இருக்கிறேன்" என்று சொல்லாமற் சொன்னார். 1966-இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே.

முதியோருக்கான அமர்வில் பெரும்பாலும் நாற்காலிகள் வட்டமாக இடப்படுகின்றன. அவர்கள் இளமையில் கேட்ட பாடல் ஒலிக்கிறது. ஒருவர் விரலால் தாளம் இடுகிறார். மற்றொருவர் பாதத்தை அசைக்கிறார். நடத்துபவர் அவ்வசைவைத் தாம் எடுத்துக்கொண்டு வட்டம் முழுவதற்கும் அளிக்கிறார். எல்லோரும் விரலால் தாளமிடுகின்றனர். மெல்லிய துணி ஒன்றை அனைவரும் பிடித்து உயர்த்தித் தாழ்த்துகின்றனர். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வரவேற்கப்படுகின்றனர். முடிவில் கை தொட்டு விடைபெறுகின்றனர். இதில் தவறான அடவு என்பதே இல்லை. நாள் முழுவதும் "அது தவறு, இது நீங்கள் முன்பே கேட்டது" என்று திருத்தப்பட்டே வாழும் ஒருவருக்கு, தவறே இல்லாத ஒரு மணி நேரம் எத்தகைய ஓய்வு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதன் பயனை மிகைப்படுத்திக் கூறுதல் முறையன்று. 2003-இல் அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வாசித்தல், சதுரங்கம் போன்ற ஆட்டங்கள், இசைக்கருவி மீட்டுதல் ஆகியவற்றோடு, உடற்செயல்களில் நடனம் ஒன்றே மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. நோய் உள்ளே தொடங்கிவிட்டவர் அதனாலேயே ஆடுவதை நிறுத்தியிருக்கவும் கூடும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, மறதி நோய்க்கான ஆடல் சிகிச்சையைப் பற்றி 2017-இல் ஆராய்ந்தபோது, தன் அளவுகோலுக்கு ஏற்ற ஆய்வு ஒன்று கூட இல்லை என்றே அறிவித்தது. பின்னர் 2020-இல், ஹாங்காங்கில் நோயின் தொடக்க நிலையில் இருந்த 204 முதியோரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. 12 வாரங்கள் ஆடல் சிகிச்சை பெற்றோரிடம் மனச்சோர்வும் தனிமையுணர்வும் குறைந்தன என்று அது கூறியது. ஆக, ஆடல் நோயைத் தீர்ப்பதில்லை. இழந்த நினைவை மீட்டுத் தருவதுமில்லை. துயரையும் தனிமையையும் சிறிது தணிக்கக்கூடும். அவ்வளவே.

அவ்வளவுதான் என்றால், அதற்கு இத்தனை முயற்சி தகுமா? இங்கேதான் மருத்துவம் முடிந்து அறம் தொடங்குகிறது.

மறந்தவர் யார்?

ஆங்கில நாட்டு மெய்யியலார் ஜான் லாக் 1694-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நேற்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒரே ஆள் என்பது எதனால்? நேற்றைய செயலைத் தன்னுடையதென்று இன்று உணரும் உணர்வினால் என்றார் அவர். இக்கருத்து மேலை நாட்டுச் சிந்தனையில் ஆழமாக வேரூன்றியது. "அவர் போய்விட்டார், உடல் மட்டும் இருக்கிறது" என்று நினைவிழந்தோரைப் பற்றிப் பேசும் வழக்கமும் இக்கருத்தின் நிழலே.

இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் பணியாற்றிய டாம் கிட்வுட் இதனை மறுத்தார். 1997-இல் வெளியான தம் நூலில், ஆளுமை என்பது ஒருவர் தம் தலைக்குள் தனியே வைத்திருக்கும் உடைமையன்று. உறவின் நடுவே ஒருவருக்கு மற்றவர் அளிக்கும் மதிப்பு என்று கூறினார். நோய் அழிப்பது ஒரு பங்கு. சுற்றியுள்ளோர் புறக்கணித்தும், குழந்தைபோல் நடத்தியும், ஏமாற்றியும், அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பேசியும் அழிப்பது மற்றொரு பங்கு என்பது அவர் கண்டறிந்த கசப்பான உண்மை. உயர்ந்த கருத்துத்தான். ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. மதிப்பு பிறர் அளிப்பதே எனின், அளிக்க எவரும் இல்லாது கைவிடப்பட்ட முதியவர் ஆளுமை அற்றவரா?

இவ்விடத்தில் நம் ஆகமங்களின் பார்வை நமக்குத் துணை நிற்கிறது. அறிவு ஜீவனின் இலக்கணம். தத்துவார்த்த சூத்திரம் நினைவை மதிஞானத்தின் ஒரு கூறாகவே எண்ணுகிறது. மதிஞானமோ பொறிகளையும் மனத்தையும் சார்ந்து எழுவது. பொறி பழுதுற்றால், மனத்தின் கருவி சிதைந்தால், அது மங்கும். மங்குவது அறிவின் ஒரு பரியாயமே. ஜீவ திரவியம் அன்று. ஞானாவரணீய கருமத்தின் திரை எத்துணைத் தடித்ததாயினும், அறிவை முற்றிலும் மூட அதனால் இயலாது. நுண்ணிய நிகோத ஜீவனிடத்தும் மூடப்படாத ஓர் அறிவுத் துளி எஞ்சி நிற்கும் என்று பெரியோர் உரைத்துள்ளனர். நிகோத ஜீவனுக்கே அங்ஙனமாயின், நம்மைப் பெற்று வளர்த்த தாயிடம் ஏதும் எஞ்சவில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டும். "எல்லாம் அவரவர் கருமப் பயன்" என்று கூறிக் கைகட்டி நிற்பதற்கு இக்கொள்கை இடம் தரவில்லை. நோயுற்றோருக்குப் பணிசெய்வதாகிய வையாவிருத்தியம், அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டுள்ளது. பிறர் துன்பத்திற்குக் காரணம் கூறுவது தவமன்று. அத்துன்பத்தின் அருகில் அமர்வதே தவம்.

நினைவில் தங்காத மகிழ்ச்சி

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஆடிய மகிழ்ச்சி அரைமணி நேரத்தில் மறந்துபோகுமே, பயன் என்ன?

இக்கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பார்ப்போம். நினைவிழந்த முதியவரை ஒருவன் அடித்துவிட்டு, "அரைமணியில் மறந்துவிடுவார்; ஆதலால் குற்றமில்லை" என்று கூறினால் ஏற்போமா? ஏற்க மாட்டோம். அடிபட்ட அக்கணத்தில் அவர் பட்ட துன்பம் துன்பமே. மறதி அதனை இல்லாததாக்காது. அங்ஙனமாயின் மகிழ்ந்த அக்கணத்தில் அவர் அடைந்த மகிழ்ச்சியும் மகிழ்ச்சியே. மறதி அதனையும் இல்லாததாக்காது. துன்பத்திற்கு ஒரு நீதி, இன்பத்திற்கு மற்றொரு நீதி என்று கொள்ள இயலாது.

அன்றியும், நிகழ்ச்சி மறந்தாலும் அதன் உணர்வு சிறிது நேரம் நீடிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயுற்றோருக்குத் துயரமூட்டும் திரைப்படக் காட்சிகளையும், பிறிதொரு வேளையில் மகிழ்வூட்டும் காட்சிகளையும் காட்டினர். சிறிது நேரத்தில் அவர்கள் கண்டதையெல்லாம் பெரும்பாலும் மறந்தனர். ஆயின் துயரமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தொடர்ந்து நின்றன. காரணம் தெரியாத துயரம் எத்துணைக் கொடியது! காரணம் தெரியாத மகிழ்ச்சியோ இனியதே. உறவினர் வந்து கடிந்து பேசிச் சென்றபின் முதியவர் மாலை முழுவதும் வாடிக் கிடப்பதும், அன்போடு கைபிடித்துச் சென்றபின் அமைதியாக உறங்குவதும் இதனாலேயே இருக்கலாம். "நாம் வந்தது அவருக்குத் தெரியாது" என்பது பாதி உண்மையே.

முன்னைய உறுதியும் இன்றைய விருப்பமும்

மற்றொரு தடை இன்னும் நுட்பமானது. வாழ்நாள் முழுவதும் அடக்கத்தோடும் விரதங்களோடும் வாழ்ந்த ஒருவர், நினைவிழந்தபின் பாடலுக்குக் கை கொட்டி ஆடினால், அவர் முன்பு கொண்டிருந்த உறுதிக்கு நாம் இழுக்குச் செய்தவர் ஆவோமா? 1993-இல் ரொனால்டு டுவார்க்கின் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர், தெளிந்த அறிவோடு இருந்த காலத்தில் ஒருவர் கொண்ட உறுதிக்கே முதலிடம் தரவேண்டும் என்று வாதிட்டார். மறுத்தவர்களோ, இன்று நம் முன் இருப்பவரின் இன்ப துன்பமே கண்கூடு. கடந்த காலத்தின் பெயரால் அதனைப் பலியிடலாகாது என்றனர்.

இவ்வழக்கு நம் வீடுகளுக்கு அயலானதன்று. நாற்பது ஆண்டுகள் சூரியன் மறைந்தபின் உண்ணாத ஒரு தாய், நினைவிழந்தபின் இரவு எட்டு மணிக்கு, "எனக்கு இன்னும் சோறு போடவில்லையே" என்று அழுகிறார் என்று கொள்வோம். மாலையில் உண்டதை அவர் மறந்துவிட்டார், விரதத்தையும் மறந்துவிட்டார். மகன் என்ன செய்வான்? கொடுத்தால் தாயின் விரதத்தைத் தன் கையால் முறித்தவன் ஆவானா? மறுத்தால் பசித்து அழும் முதியவரை வருத்தியவன் ஆவானா?

இதற்கு ஒரே வரியில் விடை கூற நான் துணியேன். இரண்டு உண்மைகளும் நிற்கின்றன. விரதம் என்பது அறிந்து, விரும்பி ஏற்பது. அறியும் ஆற்றலே மங்கியவரை விரதம் முறித்தவர் என்று கூறுதல் பொருந்தாது. அதே வேளையில், அவர் வாழ்நாளெல்லாம் போற்றியதை அவர் மறந்துவிட்டார் என்பதற்காக நாமும் மறத்தல் அவரை அவமதிப்பதாகும். ஆதலால் அறிவுடைய குடும்பம், இவ்விரண்டும் மோதாதபடி முன்கூட்டியே வழி செய்ய முயலும். மாலை மயங்கும் நேரத்தில் இந்நோயாளரின் தவிப்பு மிகுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. பகல் இருக்கும்போதே நிறைவான உணவு அளித்து, இருள் சூழும் வேளையில் அவர் பழகிய பாடலைப் பாடி, கைகளைப் பற்றி மெல்லத் தாளமிட்டு அருகிருந்தால், பல நாட்கள் அவ்வழுகை எழாமலே போகலாம். சோறு கேட்பது பசியால் மட்டுமன்று. அச்சத்தாலும் தனிமையாலும் ஆகலாம். அவ்வளவு செய்தும் உண்மையான பசியால் வாடும் நாளில், இரங்காத விரதம் எவருடைய விரதம் என்று அம்மகனே எண்ணிப் பார்க்கட்டும். ஆன்றோரிடம் கேட்டும் தெளியட்டும்.

ஆடலுக்கும் இதுவே அளவுகோல். நம் மரபு ஆடலை முற்றிலும் ஒதுக்கியதன்று. சமவசரணத்தின் வருணனையிலேயே நாடகசாலைகள் உண்டு. ஆயினும் எவரையும் வற்புறுத்தி ஆடச் செய்தல் ஆகாது. கூச்சமுடைய ஒருவரின் கையைப் பிடித்து இழுத்து, சுற்றி நின்று சிரிப்பது சிகிச்சையன்று, அது இம்சை. அவர் வாழ்ந்த வாழ்வை அறிந்து, அதற்கு இயைந்த இசையையும் அசைவையும் அளித்து, அவர் மேனி தானே விடை கூறுகிறதா என்று காத்திருக்க வேண்டும். கை எழுந்தால் உடன் எழுக. முகம் திரும்பினால் அங்கேயே நிறுத்துக. சொல் இழந்தவரின் சம்மதமும் மறுப்பும் மேனியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனைப் படிக்கக் கற்பதே முதற் பாடம்.

நீலாஞ்சனையும் அன்னமும்

தொடக்கத்தில் கூறிய படத்தின் குறையை இனிக் கூறவேண்டும். அப்படத்தில் அம்மையாரின் அசைவுகளுக்கு இடையிடையே, ஓர் இளம் நடனமாது மேடையில் ஆடும் காட்சிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அது அவருடைய இளமைக்காலப் படம் என்றே பலரும் நம்பிக் கண்ணீர் வடித்தனர். ஆனால் அது ருஷ்யாவின் புகழ்பெற்ற நடனமணி உலியானா லோபாட்கினாவின் படம். அவர் ஆடியதும் 'அன்னப் பொய்கை' அன்று, வேறோர் இசைக்கு அமைந்த 'இறக்கும் அன்னம்' என்று நடனம் அறிந்தோர் சுட்டிக்காட்டினர். அம்மையார் நியூயார்க்கின் தலைமை நடனமணியாக விளங்கியவர் என்று பரவிய செய்தியையும் உறுதி செய்ய இயலவில்லை.

ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இங்கே ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமற் போகாது. விருஷப சுவாமியின் அவையில் நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருந்தபோதே அவள் ஆயுள் முடிந்தது. நொடிப்பொழுதும் இடைவெளி தோன்றாதபடி இந்திரன் அவளைப் போன்ற மற்றொருத்தியை அவ்விடத்தில் ஆடச் செய்தான். அவையோர் ஒருவரும் அறியவில்லை. சுவாமி மட்டும் அறிந்தார். நிலையாமையை உணர்ந்து துறவு பூண்டார். அன்று அவையோர் கண்டது ஆட்டத்தை; சுவாமி கண்டது ஆடியவளை.

இன்றும் அங்ஙனமே நேர்ந்தது. பார்த்தவர்களில் பலர், ஒளிவீசும் இளமையைக் கண்டு உருகினரேயன்றி, நாற்காலியில் இருந்த முதுமையைக் கண்டிலர். அவர் புகழ்பெற்ற நடனமணியாக இருந்தாலன்றோ அவர் கைகளுக்கு மதிப்பு என்பதுபோல், இன்னொருவரின் புகழை அவருக்கு அணிவித்தனர். அவ்வணி அவருக்குத் தேவையில்லை. அவர் எங்கே ஆடினார், எத்துணைப் புகழ் பெற்றார் என்பதெல்லாம் ஐயத்திற்கு உரியனவாகவே இருக்கட்டும். 2019-இல் ஒரு நாள், இசை கேட்டு அவர் மேனி நிமிர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதுவே போதுமானது. இரக்கத்தின் பொருட்டாயினும் பொய் சேர்க்கும்போது, நாம் யார்மீது இரங்குகிறோமோ அவரையே மறைத்துவிடுகிறோம். வாய்மையும் அருளும் பகைகள் அல்ல. உள்ளவரை உள்ளபடி காண்பதே அருளின் தொடக்கம்.

இதனோடு ஒரு சிறு எச்சரிக்கையும் சேர்ப்பேன். இன்று ஒவ்வொருவர் கையிலும் படம் எடுக்கும் செல்பேசி உண்டு. நினைவிழந்த தாய் ஆடுவதையும் உளறுவதையும் பதிவு செய்து பலருக்கும் அனுப்புவோர் உளர். இசைவு தர இயலாத நிலையில் உள்ளவரின் காட்சியை, அவர் தெளிவாயிருந்த காலத்தில் விரும்பியிருப்பாரா என்று எண்ணிப் பாராது பரப்புதல் முறையன்று.

நாம் செய்யத்தக்கவை

பெருநகரங்களில் பயிற்சி பெற்றோர் கிடைக்கலாம். நம் சிற்றூர்களில் கிடைப்பது அரிது. ஆயினும் வீட்டிலேயே செய்யத்தக்கவை உண்டு. முதியவர் இளமையில் விரும்பிய பாடல்கள் எவை என்பதை, அவர் நினைவு நன்றாயிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எதிரே அமர்ந்து, அவர் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து, அவர் கை எப்படி அசைகிறதோ அப்படியே நீங்களும் அசைத்துப் பாருங்கள். விழும் அச்சம் உள்ளவரை நிற்க வைக்க வேண்டா. நாற்காலியில் அமர்ந்தே ஆடலாம். உடல் நிலையை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குங்கள். பத்து நிமிடமே போதும். பேரக் குழந்தைகளையும் அருகில் அமர்த்துங்கள். "பாட்டிக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர்கள் கற்றுக்கொள்ளாதிருக்க அதுவே வழி. நாள் முழுதும் பணிசெய்து களைக்கும் மருமகளுக்கோ மகளுக்கோ அப்பத்து நிமிடமேனும் ஓய்வு கொடுங்கள். அப்பணியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, மற்றவர் அறம் பேசுவது அழகன்று.

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே உயிர்களின் இயல்பு என்று நம் நூல்கள் கூறுகின்றன. துணை என்பது ஒருவழிப் பாதையன்று. நினைவிழந்த தாய் நமக்கு எதைத் தருகிறார்? நன்றி கூறமாட்டார், பெயர் சொல்லியும் அழைக்கமாட்டார். நாம் செய்ததை எவரிடமும் சொல்லிப் பாராட்டமாட்டார். பலனை எதிர்பாராது ஒன்றைச் செய்யும் வாய்ப்பை, வாழ்வில் வேறு எவரும் தராத அளவிற்குத் தூயதாக அவர் நமக்குத் தருகிறார்.

அடுத்த முறை அத்தகைய முதியவரைக் காணச் செல்லும்போது, "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்க வேண்டா. அக்கேள்வி அவருக்கு ஒரு தேர்வு. அதில் அவர் தோற்பார். அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றுங்கள். அவருக்குப் பழகிய பாடல் ஒன்றை மெல்லப் பாடுங்கள். விரல் ஒன்று அசையக்கூடும். அசைந்தால், உங்கள் விரலும் அதனோடு அசையட்டும். அசையாவிடினும், பற்றிய கையை உடனே விட்டுவிட வேண்டா.

அறம் வளர்க.